சாம்பல் பெட்டி

எங்க கேம்பஸ்ல மழைநீர் வடிகால் தோண்டுறாங்க. கேபிள் போற பாதைன்னு பலகை நட்டிருக்கோம், மண்ணுக்குள்ள எச்சரிக்கை டேப்பும் போட்டிருக்கு. இருந்தும் 24 கோர் ஃபைபர் ஒண்ணு பொக்லைன் பல்லுல மாட்டி அறுந்துருச்சு.

ஃபைபர் அறுந்தா ஒட்டிரலாம், அது பெரிய விஷயமில்ல. ஸ்ப்ளைசிங் பண்றவர் மெஷினோட வந்துட்டார். குழிக்கு பக்கத்துலயே ஒரு மேஜைய போட்டு, குடை பிடிச்சு உக்காந்தார். கேபிள் தோலை உரிச்சார். ஜெல்லைத் தொடைச்சார். உள்ள முடி மாதிரி கோர்கள்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை... வரிசையா 12 நிறம். ஒரு ட்யூபுக்கு 12, ரெண்டு ட்யூப்.

ஒட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டார்.

"சார், எந்த கோர் முதல்ல வேணும்?"

நியாயமான கேள்வி. ஒவ்வொரு கோரையும் உரிச்சு, ஸ்பிரிட் போட்டு தொடைச்சு, வெட்டி, மெஷின்ல வெச்சு ஒட்டி, ஸ்லீவை சூடு பண்ணி முடிக்கணும். ரெண்டு பக்கமும் செய்யணும்னா 24 கோருக்கு நேரம் ஓடிரும். லைவ்ல இருக்கிறது எதுன்னு தெரிஞ்சா அதை முதல்ல ஒட்டலாம். மீதி பொறுமையா நடக்கும்.

கூட இருந்த தம்பி அடுத்த கேள்விய கேட்டான். "அண்ணா, வொர்க்‌ஷாப் பக்கமா வேற கேபிள் எதாவது சுத்தி வருதா? ஸ்பேர் கோர் இருந்தா இப்பவே பேட்ச் பண்ணிரலாமே?"

அதுவும் நியாயமான கேள்விதான். ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு. எங்க பழைய நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்ல ஒரு மேப் இருக்கு. எங்க சீனியர் ஒருத்தர் (ரிட்டயர் ஆகிட்டார்) ஒவ்வொரு லிங்க்கையும் அதுல வரைஞ்சு, எந்த கோர், எந்த எல்ஐயூ (ஃபைபர் வந்து முடியற பெட்டி), எந்த போர்ட்னு குறிப்பு எழுதி வெச்சிருக்கார். வருஷக்கணக்கா உக்காந்து எழுதினது.

அந்த மேப்பைத் தொறக்கத்தான் முடியல.

மேப் பிரவுசர்ல தொறக்கும். ஆனா பிரவுசருக்குள்ள ஜாவா ஆப்லெட் ஓடணும். அது ஓடிக்கிட்டிருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டரோட மதர்போர்டு போயிருச்சு. வேற எந்த மெஷின்ல தொறந்தாலும் மேப் வராது. அதிகபட்சம் லாகின் வரும், மெனு வரும், நடுவுல மேப் வரவேண்டிய இடத்துல ஒரு சாம்பல் நிற பெட்டி மட்டும் வரும்.

அன்னிக்கு சிவப்பு லைட் பேனாவை ஒரு முனையில அடிச்சு, மறுமுனையில ஒருத்தரை நிக்க வெச்சு, "வருதா? வரலையா?"ன்னு போன்ல கத்தி, ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சோம். ராத்திரி ஆயிருச்சு. லிங்க் எல்லாம் வந்துருச்சு. ஆனா எனக்கு மனசு ஆறல. இவ்வளவு தகவலையும் ஒரு மனுஷன் அக்கறையா எழுதி வெச்சிருக்கார், சர்வர் நல்லா ஓடிக்கிட்டிருக்கு, ஹார்டு டிஸ்க்ல அத்தனையும் பத்திரமா இருக்கு, பாக்க மட்டும் முடியலன்னா அது என்ன நியாயம்?

சரி, தொறந்தே ஆகணும்னு உக்காந்தேன். அந்தக் கதைதான் இது. உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு பெட்டி இருந்தா உதவும்.

(இப்பவே சொல்லிடறேன்: "சர்வர்லயே போய் டேட்டாபேஸை நேரா எடுத்துக்க வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. அது பூட்டின அப்ளையன்ஸ். உள்ள ஷெல் கிடையாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தயாரிச்ச கம்பெனிகிட்டதான். அவங்க அந்த சாஃப்ட்வேரை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.)

முதல்ல க்ரோம். அட்ரஸை அடிச்சதும் சாம்பல் பெட்டிகூட வரல. எஸ்எஸ்எல் வெர்ஷனோ சைஃபரோ பொருந்தலன்னு ஒரே வரி. காரணம் லேசா புரியும். சர்வருக்குத் தெரிஞ்சது டிஎல்எஸ் 1.0 மட்டும். அது பிரவுசரும் சர்வரும் ரகசியமா பேசிக்க 1999ல வந்த முறை. க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி நாலு பேரும் 2018 அக்டோபர்ல ஒண்ணா சேர்ந்து "2020ல இருந்து 1.0, 1.1 ரெண்டையும் எடுத்துடறோம்"னு அறிவிச்சுட்டாங்க. சொன்னபடி எடுத்தும் விட்டாங்க.

இதுல ஒரு சின்ன சங்கதி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. 2020 மார்ச்ல ஃபயர்ஃபாக்ஸ் 74 வந்தப்போ இதை நிறுத்தினாங்க. சரியா அதே நேரம் கொரோனா. பல அரசாங்க வெப்சைட்டுங்க பழைய டிஎல்எஸ்லதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. நோய் பத்தின தகவல் ஜனங்களுக்குக் கிடைக்காம போயிரக்கூடாதுன்னு, நிறுத்தினதைத் திரும்பத் தொறந்து விட்டாங்க. அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ் 78லதான் மறுபடி மூடினாங்க. பாதுகாப்பு முக்கியம்தான், ஆனா கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறது யாருன்னு பாத்துட்டு மூடணும். அன்னிக்கு அவங்க பாத்தாங்க.

ஃபயர்ஃபாக்ஸ்ல இன்னொரு நல்ல விஷயம், அபவுட்:கான்ஃபிக் பக்கத்துல குறைஞ்சபட்ச டிஎல்எஸ் எண்ணை மாத்த முடியும். 3ன்னு இருக்கிறதை 1 ஆக்கினா 1.0 வரைக்கும் பேசும். தனியா ஒரு ப்ரொஃபைல் உண்டாக்கி அதுல மட்டும் மாத்தினேன். (தயவுசெஞ்சு நீங்க தினமும் பேங்க் வேலை பாக்கிற ப்ரொஃபைல்ல இதைச் செய்யாதீங்க.) லாகின் பக்கம் வந்துச்சு! சர்டிபிகேட் காலாவதின்னு எச்சரிச்சுது, ஏத்துக்கிட்டேன். பாஸ்வேர்டு போட்டேன். மெனு வந்துச்சு.

நடுவுல சாம்பல் பெட்டி.

அதுக்குள்ள ஒரு வரி: இந்த பிரவுசர்ல ஜாவா இல்ல, இங்க க்ளிக் பண்ணி இறக்கிக்கங்க. (இந்த வரிய ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி இதுதான் கை கொடுக்கப் போகுது.)

இந்த இடத்துல கொஞ்சம் பழைய கதை பேசணும். இல்லன்னா "எவன் இப்படி ஒரு வேலைய பண்ணினான்?"னு கோபம் மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கோபம் அன்னிக்கு இதைக் கட்டினவங்க மேல போறது சரியில்ல.

1990கள்ல நெட்வொர்க் மேனேஜ்மென்ட்னா யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன். பெரிய மானிட்டர், அதுக்குன்னு தனி ரூம், அந்த ரூம்ல இருந்தாத்தான் மேப்பைப் பாக்க முடியும். ஹெச்பி ஓபன்வியூ, சன்நெட் மேனேஜர் எல்லாம் அந்தக் காலத்து பெரிய பேருங்க. ஏதாவது ஸ்விட்ச் பேசலன்னா மேப்ல பச்சை புள்ளி சிவப்பாகும். அதைப் பாக்க அந்த ரூமுக்கு ஓடணும்.

1995ல ஜாவா வந்துச்சு. பிரவுசர்ல ஒரு பக்கத்தைத் தொறந்தா அதுக்குள்ள முழு ப்ரோக்ராம் ஓடும்னாங்க. எந்த மெஷின்ல இருந்தும் பாக்கலாம், எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், வெர்ஷன் மாறினா சர்வர்ல மட்டும் மாத்தினா போதும். அந்த ரூமுக்கு ஓடி ஓடி களைச்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம்னு யோசிச்சுப் பாருங்க. வெறும் ஹெச்டிஎம்எல்ல அப்போ உயிருள்ள மேப் போட முடியாது. பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணாம ஒரு புள்ளிய சிவப்பாக்கவே வழி கிடையாது. அஜாக்ஸ்ங்கிற பேரே 2005லதான் வந்துச்சு. சர்வரே தானா தகவல் தள்ளி விடற வெப்சாக்கெட்டுக்கு 2011லதான் தரம் எழுதினாங்க. அதனால அந்தக் காலத்துல ஆப்லெட்டை எடுத்தவங்க, கையில இருந்த நல்ல கருவியத்தான் எடுத்தாங்க. பின்னாடி சில பேர் ஃப்ளாஷை எடுத்தாங்க. விஎம்வேர் விஸ்ஃபியரோட வெப் க்ளையன்டே ஃப்ளாஷ்லதான் பல வருஷம் ஓடிச்சு. 2020ல வந்த 7.0லதான் அதை முழுசா கழட்டி விட்டாங்க.

அப்புறம் என்னாச்சு? ஓட்டைங்க வந்துச்சு. 2012ல ஃப்ளாஷ்பேக்னு ஒரு ட்ரோஜன், ஜாவா ஓட்டை வழியா 6 லட்சத்துக்கு மேல மேக் கம்ப்யூட்டருங்களுக்குள்ள புகுந்துச்சு. 2013 ஜனவரியில அமெரிக்க அரசோட கம்ப்யூட்டர் பாதுகாப்புக் குழுவே "பிரவுசர்ல ஜாவாவை அணைச்சுடுங்க"ன்னு மக்களுக்குச் சொல்லிருச்சு. க்ரோம் 2015ல ஜாவா மாதிரி ப்ளகின்களை முழுசா எடுத்துச்சு. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்ல, 52ஆம் வெர்ஷன்ல, ஃப்ளாஷைத் தவிர மத்ததை எடுத்துச்சு. 2018 செப்டம்பர்ல வந்த ஜாவா 11ல ப்ளகினும் இல்ல, வெப் ஸ்டார்ட்டும் இல்ல. ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது. 2021 ஜனவரி 12ல இருந்து ஃப்ளாஷ் ப்ளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மாட்டேன்னு நின்னுருச்சு.

அந்த ஜனவரி 12க்கு அப்புறம் சீனாவுல தாலியன்ங்கிற ஊர் ரயில்வே டிப்போவுல வேலைக்கான பக்கங்கள் தொறக்காம, ஆளுங்க விடிய விடிய உக்காந்து பழைய ஃப்ளாஷ் வெர்ஷனைத் தேடிப் போட்டு சரி பண்ணின செய்தி உலகம் பூரா சுத்துச்சு. நிறைய பேர் அதைப் படிச்சு சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல. ராத்திரி உக்காந்து ஒவ்வொரு மெஷினா முயற்சி பண்ணின அந்த ஆளுங்க மேல மரியாதைதான் வந்துச்சு. அதே மாசம் தென்னாப்பிரிக்காவோட வருமான வரித்துறை, தங்களோட ஃபாரங்கள் ஃப்ளாஷ்ல இருந்ததால, அதைத் தொறக்கறதுக்குன்னே தனியா ஒரு பிரவுசரை வெளியிட்டாங்க. ஒரு நாட்டு வரித்துறைக்கே அந்த நிலைமைன்னா மத்தவங்க என்ன பண்ணுவாங்க?

ப்ளகின்களை எடுத்தது சரிதான். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. கோடிக்கணக்கான வீட்டு கம்ப்யூட்டருங்களுக்கு அது நல்லது. என்னோட குறை வேற. ஒரு ஸ்விட்ச் 15 வருஷம் ஓடும். கண்ணாடி ஃபைபர் அதுக்கும் மேல. அதைப் பாக்கிற ஜன்னலோட ஆயுசு மட்டும் வேற யாரோட கையிலயோ இருக்கு. பீரோ நல்லா இருக்கு, உள்ள பத்திரமெல்லாம் நல்லா இருக்கு, சாவி செய்யற கடைய மூடிட்டாங்க.

சரி, மறுபடி மேஜைக்கு வருவோம்.

அடுத்து எட்ஜ். அதுல ஐஈ மோட்னு ஒண்ணு இருக்கு, தெரியாதவங்களுக்காக சொல்றேன். தனி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன்லயே ஓய்வு பெற்றுச்சு, ஆனா அதோட இன்ஜின் எட்ஜுக்குள்ள இன்னும் இருக்கு. 2029 வரைக்குமாவது வெச்சிருப்போம்னு சொல்லிருக்காங்க. செட்டிங்ஸ்ல போய் அட்ரஸைச் சேர்த்தா அந்தப் பக்கம் மட்டும் பழைய இன்ஜின்ல தொறக்கும். கையால சேர்த்த அட்ரஸ் 30 நாள்ல காலாவதி ஆகும், மறுபடி சேர்க்கணும். இதுல ஜாவா 8 ப்ளகின் வேலை செய்யும். இது நிறைய பேருக்குத் தெரியல. உங்க சாதனம் ரொம்பப் பழசு இல்லன்னா இதுலயே வேலை முடிஞ்சுரும்.

எனக்கு முடியல. ஜாவா 8 போட்டேன். முதல் தடை: பாதுகாப்பு காரணமா இந்த அப்ளிகேஷனைத் தடுத்துட்டோம்னுச்சு. அதுக்கு ஜாவா கன்ட்ரோல் பேனல்ல விதிவிலக்கு லிஸ்ட் இருக்கு. அதுல அட்ரஸைச் சேர்க்கும்போது போர்ட் நம்பரோட, ஹெச்டிடிபிக்கு அப்புறம் எஸ் இருக்கா இல்லையாங்கிறது உட்பட அப்படியே அச்சு அசலா போடணும். எங்க சர்வரோட போர்ட் 8443 விட்டுப்போனா சேர்த்தும் பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது தடை: ஆப்லெட்டோட ஜார் ஃபைல்ல போட்டிருக்கிற கையெழுத்து எம்டி5ங்கிற பழைய முறையில இருக்கு. 2017 ஏப்ரல்ல இருந்து ஜாவா 8 அப்படிப்பட்ட கையெழுத்தை மதிக்கிறதில்ல. கையெழுத்தே இல்லாத ஃபைலா நடத்தும். கையெழுத்து இல்லாத ப்ரோக்ராம் முழு அனுமதி கேட்டா தராது. மூணாவது தடை: 2021 ஏப்ரல்ல இருந்து ஜாவாவும் டிஎல்எஸ் 1.0ஐ அணைச்சு வெச்சிருக்கு. பிரவுசர் பேசினாலும் ஆப்லெட் சர்வரோட பேசாது.

கடைசி ரெண்டு தடைக்கும் தீர்வு ஒரே ஃபைல்ல இருக்கு. ஜாவா.செக்யூரிட்டின்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதுல தடை செஞ்ச முறைகளோட பட்டியல் ரெண்டு வரியா இருக்கும். எம்டி5ஐ ஒரு வரியில இருந்தும், பழைய டிஎல்எஸ்ஸை இன்னொரு வரியில இருந்தும் அழிச்சா போதும்.

அந்த ஃபைலை நோட்பேடுல தொறந்து வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் யோசிச்சேன். அழிக்கல.

ஏன்னா அது என்னோட தினசரி லேப்டாப். எல்லா ஸ்விட்சுக்கும் ஃபயர்வாலுக்கும் நான் உள்ள போறது அதுல இருந்துதான். ஒரு மேப்பைப் பாக்கறதுக்காக அதுல பூட்டு ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வந்தா, கடைசியில அந்த மெஷினே கேம்பஸ்ல இருக்கிற பலவீனமான இடமா ஆயிரும். பல ஆபீஸ்ல இப்படித்தான் நடக்குது. அவசரத்துல கழட்டினது அப்படியே நிக்கும், யாரும் திரும்ப மாட்ட மாட்டாங்க. நெட்வொர்க் வேலை பாக்கிற தம்பிங்களுக்கு கையெடுத்துக் கும்பிட்டு சொல்றேன்: பழசைப் பாக்கணும்னா பழைய மெஷினை உண்டாக்குங்க, புதுசை பழசாக்காதீங்க.

அதனால ஒரு வர்ச்சுவல் மெஷின். விர்ச்சுவல்பாக்ஸ்ல விண்டோஸ் 7, 32 பிட், சர்வீஸ் பேக் 1 மட்டும், அதுக்கு மேல எந்த அப்டேட்டும் இல்லாம. அதோட கூட வர்றது ஐஈ 8. டிஎல்எஸ் 1.0 பேசறது அதுக்கு இயல்பு, யாரையும் கெஞ்ச வேண்டாம். நெட்வொர்க் கார்டு ஒண்ணே ஒண்ணு, அதுவும் மேனேஜ்மென்ட் விலான்ல மட்டும். டிஎன்எஸ் கிடையாது, இன்டர்நெட் கிடையவே கிடையாது. 2020 ஜனவரி 14ஓட ஆதரவு முடிஞ்ச ஒரு சிஸ்டத்தை வெளியுலகத்துக்குக் காட்டக்கூடாது. க்ளிப்போர்டு பகிர்வு, ஃபோல்டர் பகிர்வு எல்லாத்தையும் அணைச்சேன்.

இப்போ ஜாவா வேணும். எந்த வெர்ஷன்? பழைய வெர்ஷனைத் தேடி கண்ட வெப்சைட்டுல இருந்து இறக்கறது ஆபத்து. முறையான காப்பகத்துல எடுக்கணும்னா அக்கவுன்ட் வேணும், எது பொருந்தும்னும் தெரியணும்.

அப்பதான் அந்த வரி. "இங்க க்ளிக் பண்ணி இறக்கிக்கங்க."

அதை நான் அதுவரைக்கும் அமுக்கவே இல்ல. வெளியில எங்கயோ செத்துப்போன லிங்க்குக்குத்தான் போகும்னு எல்லாரும் நினைக்கிற மாதிரியான வரி அது. மவுஸை மேல கொண்டுபோனா கீழ தெரியற அட்ரஸ் எங்க சர்வரோடதேதான்! அதைக் கட்டினவங்க, வாடிக்கையாளர்கிட்ட இன்டர்நெட் இல்லாம போகலாம்னு யோசிச்சு, தங்களுக்குப் பொருந்தற ஜாவாவோட இன்ஸ்டாலரை சர்வருக்குள்ளயே வெச்சு அனுப்பிருக்காங்க. ஜாவா 6. அமுக்கினேன், இறங்கிச்சு. இத்தனை வருஷமா அது அங்கயேதான் இருந்திருக்கு.

அந்த முகம் தெரியாத இன்ஜினியருக்கு என்னோட மனமார்ந்த நன்றி. நீங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

ஜாவா 6க்கு எம்டி5 மேல கோபம் கிடையாது. விதிவிலக்கு லிஸ்டும் கேக்காது. லாகின் பண்ணினேன், ஒரு எச்சரிக்கை வந்துச்சு, ரன் கொடுத்தேன். சாம்பல் பெட்டிக்குள்ள காஃபி கப் படம் சுத்த ஆரம்பிச்சுது. பட்டை நூறு வரைக்கும் போச்சு.

அப்புறம் அப்படியே நின்னுருச்சு.

இங்கதான் இன்னொரு கண்ணி இருக்கு, இதையும் சொல்லிடறேன். இந்த மாதிரி ஆப்லெட்டுங்க நிறைய ஜாவா ஆர்எம்ஐங்கிற முறையில சர்வரோட பேசும். முதல்ல 1099ஆம் போர்ட்டுல போய் "எங்க வரணும்?"னு கேக்கும். எங்க சர்வர் பதிலா ஐபி அட்ரஸைச் சொல்லாம தன்னோட பேரைச் சொல்லும். க்ளையன்டுக்கு அந்தப் பேர் யாருன்னு தெரியலன்னா, பதில் வராத இடத்துல காத்துக்கிட்டே நிக்கும். எர்ரர்கூட காட்டாது. ஜாவா கன்சோலைத் தொறந்து பாத்தாத்தான் அன்நோன் ஹோஸ்ட்னு ஒரு வரி, அதுல சர்வரோட பேர். நான்தான் டிஎன்எஸ்ஸே கொடுக்கலையே, எப்படித் தெரியும்? ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ஐபியும் அந்தப் பேரும் ஒரே வரியா எழுதினேன். அதோட நடுவுல இருக்கிற ஃபயர்வால்ல 1099ஐயும், அதுக்கு அப்புறம் ஆப்லெட் கேக்கிற போர்ட்டுங்களையும் இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் தொறந்து விட்டேன்.

மறுபடி லாகின்.

மேப் வந்துச்சு!

கேம்பஸ் வரைபடத்தை பின்னணியா வெச்சு, அது மேல ஒவ்வொரு கட்டடமும் ஒரு புள்ளி. பச்சை, பச்சை, ஒரு மஞ்சள். ஒரு கோட்டு மேல டபுள் க்ளிக் பண்ணினேன், குறிப்பு ஜன்னல் தொறந்துச்சு. தமிழ் டைப் அடிக்க வழியில்லாததால இங்கிலீஷ் எழுத்துலயே தமிழ்ல எழுதிருக்கார் சீனியர். எந்த எல்ஐயூ, எந்தக் கோர் லைவ், எது ஸ்பேர், எந்த பிக்டெயில் லேசா மடங்கிருக்கு, அதைத் தொடும்போது பாத்துத் தொடு. நூலகக் கட்டடத்துக்கான லிங்க்ல: ரேக் சாவி மாடிப்படி அடியில எலக்ட்ரிகல் பேனலுக்குள்ள. வொர்க்‌ஷாப் பக்கம் ஒரு மெல்லிசு கோடு: 6 கோர், ஓடிடிஆர் (ஃபைபரை சோதிக்கிற கருவி) பாத்தாச்சு, எல்லாம் ஸ்பேர், அவசரத்துக்கு.

அவசரத்துக்கு! அன்னிக்கு தம்பி கேட்ட கேள்விக்கு பதில். பல வருஷம் முன்னாடியே எழுதி வெச்சிருக்கார்.

அவருக்கு போன் பண்ணினேன். ஸ்க்ரீனை போட்டோ எடுத்து அனுப்பினதும் உடனே திரும்பக் கூப்பிட்டார். "என்னப்பா, அது இன்னும் தொறக்குதா? மஞ்சளா இருக்கிறது என்னன்னு பாத்தியா? ஃபேன் ட்ரேயா இருக்கும், பாரு." பாத்தேன். ஃபேன் ட்ரேதான்.

தம்பிகிட்ட காட்டினேன். "அண்ணா, இதையெல்லாம் யார்ணா எழுதினது?"ன்னு அப்படியே பாத்துக்கிட்டு இருந்தான். அவன் வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே அவர் ரிட்டயர் ஆகிட்டார்.

அப்புறம் நாங்க செஞ்ச முதல் வேலை, அந்தக் குறிப்புங்களை வெளியில எடுக்கிறது. எக்ஸ்போர்ட் மெனு அலாரத்துக்கு மட்டும்தான் இருக்கு, குறிப்புக்கு இல்ல. ஒவ்வொரு ஜன்னலா தொறந்து, தம்பி வாசிக்க நான் அடிச்சேன், நான் வாசிக்க அவன் அடிச்சான். எல்லாத்தையும் நெட்பாக்ஸ்ல ஏத்தியாச்சு. (2016ல திறந்த மூலமா வெளிவந்த சாஃப்ட்வேர். ரேக், கேபிள், போர்ட்னு ஒவ்வொண்ணுக்கும் இடம் இருக்கு.) அதுல இருந்து ஒரு சாதா டெக்ஸ்ட் பிரதி எடுத்து தனியா வெச்சிருக்கோம். ஒரு பிரிண்ட் எடுத்து யூபிஎஸ் ரூம்லயும் மாட்டியாச்சு.

சாதா டெக்ஸ்ட்டுன்னு நான் பிடிவாதமா நிக்கறதுக்குக் காரணம் இருக்கு. எம்ஆர்டிஜின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. டோபியாஸ் ஓட்டிகர்ங்கிறவர் 1995ல வெளியிட்டது, ஜாவா பொறந்த அதே வருஷம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எஸ்என்எம்பி வழியா ரவுட்டர்கிட்ட எண்ணை வாங்கி, ஒரு படம் வரைஞ்சு, சாதா ஹெச்டிஎம்எல் பக்கத்துல ஒட்டி வெக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. அழகு கிடையாது, க்ளிக் பண்ணி விளையாட எதுவும் கிடையாது. ஆனா அது அன்னிக்கு எழுதின பக்கம் இன்னிக்கு என் போன்லயும் தொறக்கும். எஸ்என்எம்பி 1988ல வந்தது, அதுக்கு இன்னிக்கும் எங்க ஸ்விட்சுங்க பதில் சொல்லுது.

கமாண்ட் லைனும் அப்படித்தான். பழைய ஸ்விட்சுக்கு எஸ்எஸ்ஹெச் போட்டா, சாவி மாத்திக்கிற முறை பொருந்தலன்னு நின்னுரும். 2015ல ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.0ல அந்தப் பழைய முறைய அணைச்சுட்டாங்க. ஆனா எது பொருந்தலன்னு பேரோட சொல்லுது. அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும் அதை அனுமதின்னு ஒரு ஆப்ஷன் கொடுத்தா உள்ள விடுது. பாதுகாப்பும் போகல, வேலையும் நிக்கல. இதைத்தான் நான் நல்ல வடிவமைப்புன்னு சொல்வேன். பழசை ஓரமா வை, எச்சரிக்கை சொல்லு, ஆனா வேணும்னு வர்றவனுக்கு வழிய விடு.

வர்ச்சுவல் மெஷினை ஸ்னாப்ஷாட் எடுத்து, அந்த ஜாவா இன்ஸ்டாலர், ஹோஸ்ட்ஸ் வரி, போர்ட் பட்டியல் எல்லாத்தையும் அதோடயே ஒரு பென்ட்ரைவ்ல போட்டாச்சு. வேலை முடிஞ்சதும் ஸ்னாப்ஷாட்டுக்கே திரும்பிரணும்னு தம்பிக்கு சொல்லிருக்கேன்.

அந்த சர்வரும் அதுக்கு கீழ இருக்கிற ஸ்விட்சுங்களும் அடுத்த கொள்முதல்ல மாறப்போகுது. ஸ்பெசிஃபிகேஷன் எழுதற வேலை எங்ககிட்ட வந்திருக்கு. போர்ட் எத்தனை, வேகம் எவ்வளவுங்கிறதுக்கு மேல மூணு வரி சேர்த்திருக்கேன். மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் எந்த ப்ளகினும் இல்லாம தொறக்கணும். அதுல செய்ய முடியற எல்லாத்தையும் எஸ்எஸ்ஹெச்லயும் செய்ய முடியணும். பயனர் எழுதின குறிப்பு உட்பட எல்லா தகவலும் டெக்ஸ்ட் ஃபைலா வெளிய வரணும்.

போன வாரம் டெமோ காட்ட வந்த ஒரு கம்பெனி தம்பி மூணாவது வரிய பாத்துட்டு, "சார், இது எங்க கிட்ட யாரும் கேட்டதில்ல, எதுக்கு சார்?"ன்னு கேட்டார். வர்ச்சுவல் மெஷினைத் தொறந்து, லாகின் பண்ணி, வொர்க்‌ஷாப் பக்கம் போற அந்த மெல்லிசு கோட்டு மேல டபுள் க்ளிக் பண்ணிக் காட்டினேன். குறிப்பை முழுசா படிச்சுட்டு, ஆபீசுக்கு போய் கேட்டுட்டு எழுத்துல பதில் தர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.